பீட்டிலுக்குக் கிளச் கேபிள்: பஞ்சிகாவத்தையில் வாங்கிய இத்தாலிச் சாமான் எப்படி?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மிச்சத்தை வாசிக்க நேரம் இல்லாதவர்கள் இத்தோடு போகலாம். கேபிள் நல்லது, கொடுத்த காசுக்குத் தகும். ஆனால் அதை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து பழைய பௌடன் ரியூபுக்குள்ளேயே (கேபிளின் பின்பகுதியை மூடுகிற வெளிக்குழாய்) போட்டால் அந்தக் காசில் பாதி வீண். இரண்டையும் சேர்த்து வாங்குங்கள், ஒரே நாளில் போடுங்கள். ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். குறைந்த ஒன்று ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

என்னுடையது 1969 மொடல் வொக்ஸ்வாகன் பீட்டில், 1300 எஞ்சின், ஸ்ரீ எழுத்துள்ள பழைய இலக்கத்தகடு, வலப்பக்க ஸ்டியரிங். கொழும்பில் இந்தக் கார் ஒன்றும் அதிசயம் இல்லை, ஒவ்வொரு பேட்டையிலும் ஒன்றாவது ஓலைக் கொட்டிலுக்குள் நிற்கும். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது, தூசி பிடித்துக் கிடந்த பழைய கார்களைக்கூட ஆட்கள் தட்டிக் கழுவி வெளியே எடுத்தார்கள். 2025 பெப்ரவரியில் இறக்குமதியைத் திரும்பத் திறந்த பிறகும் எடுத்த காரைத் திரும்பக் கொட்டிலுக்குள் விட மனம் வராமல் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் பெயின்ட், சீற் உறை, குரோம் பம்பர் பற்றி எல்லாரும் கதைக்கிறார்கள், கிளச் கேபிளைப் பற்றி அது அறுந்த அன்றைக்குத்தான் கதைக்கிறார்கள்.

இந்தக் காரில் எஞ்சின் பின்னுக்கு, பெடல் முன்னுக்கு. இடையில் இருக்கிற தூரம் முழுவதையும் ஒரேயொரு இரும்புக் கயிறுதான் கடக்கிறது, கிட்டத்தட்ட இரண்டே கால் மீற்றர். முன் நுனியில் வளையம் மாதிரி ஒரு கண் இருக்கும், அது பெடல் தண்டின் கொக்கியில் மாட்டும். பிறகு கேபிள் காரின் நடுவால் போகிற முதுகெலும்புக் குழாய்க்குள், அதற்கென்று உள்ளே வெல்ட் பண்ணியிருக்கிற மெல்லிய இரும்பு ரியூபுக்குள்ளால் பின்னுக்குப் போகும். அது முடிகிற இடத்திலிருந்து கியர்பொக்ஸ் வரை வளைந்து கொடுக்கிற வெளிக்குழாய் ஒன்று இருக்கிறது, அதுதான் பௌடன் ரியூப். கடைசியில் மரை வெட்டிய நுனி கியர்பொக்ஸின் இடப்பக்கத்துக் கிளச் நெம்புக்குள்ளால் வந்து ஒரு விங் நட்டில், அதாவது இரண்டு சிறகு வைத்த நட்டில், முடியும். எண்ணெய் இல்லை, சிலிண்டர் இல்லை, சீல் கசிகிற கதை இல்லை. நான் ஹைட்ரோலிக் கிளச் உள்ள பழைய கார் ஒன்றும் வைத்திருந்தவன், இரண்டில் எது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு கேபிளைத்தான் சொல்வேன். வருத்தம் வந்தால் எங்கே என்று பார்க்க ஒரு ரோச் லைட் போதும்.

அது சாகப்போகிறது என்பதையும் முதலே சொல்லும், கேட்கிற காது இருந்தால். பெடல் கனக்கும், மிதிக்கும்போது கீச்சிடும். ரிவேர்ஸ் போடும்போது கியர் கறகறக்கும். இதெல்லாம் வேறு காரணத்தாலும் வரலாம். ஆனால் விங் நட்டை இறுக்கிச் சரி பண்ணிய பெடல் கொஞ்ச நாளில் திரும்பவும் தளர்ந்துபோனால், திரும்ப இறுக்கினாலும் திரும்பத் தளர்ந்தால், இனி இறுக்கிப் பிரயோசனம் இல்லை. ஒன்று கேபிளின் இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன, இல்லையென்றால் உள்ளே இருக்கிற இரும்பு ரியூபின் வெல்ட் விட்டுப்போய் அது முன்னும் பின்னும் ஆடுகிறது. இரண்டாவது என்றால் காரின் நடுமுதுகை வெட்டித் திறந்து வெல்ட் பண்ண வேண்டும், அந்தச் செலவைப் பற்றி இங்கே எழுதி உங்கள் நாளைக் கெடுக்க விரும்பவில்லை. என்னுடையது முதல் வகை, தப்பித்தேன்.

சரி, கடை. கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பழைய ஐரோப்பியக் கார்களுக்கு மட்டும் சாமான் விற்கிற ஒரு சின்னக் கடை, இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் நடைபாதையில் நிற்க வேண்டும். முதலாளி நானாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பீட்டிலுக்குக் கிளச் கேபிள் வேண்டும் என்றதும் அவர் கேட்டது விலையைப் பற்றி அல்ல.

"தம்பி, ரைட் ஹேண்டா லெஃப்ட் ஹேண்டா?"

"ரைட் ஹேண்ட் நானா, அறுபத்தொன்பது."

"பழையது கொண்டு வந்தீங்களா?"

கொண்டு போயிருந்தேன். நீங்களும் கொண்டு போங்கள், எவ்வளவு அழுக்காக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு பையில் சுற்றிக்கொண்டு போங்கள். சுவரில் ஆளுயரத்துக்கு மேலே ஒரு பெரிய ஆணி அடித்து வைத்திருக்கிறார். பழைய கேபிளின் கண்ணையும் புதியதின் கண்ணையும் அதில் ஒன்றாக மாட்டி இரண்டையும் தொங்கவிட்டார், கீழ் நுனிகளை விரலுக்குள் பிடித்துச் சேர்த்துப் பார்த்தார். முதல் எடுத்தது விரலளவு நீளம் கூட. ஒன்றும் சொல்லாமல் அதைச் சுருட்டிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வேறொன்று எடுத்தார். இதற்குக் காரணம் இருக்கிறது: வலப்பக்க ஸ்டியரிங் காரின் கேபிள் வேறு, இடப்பக்கத்தின் கேபிள் வேறு, அதற்குள்ளும் வருசத்துக்கு வருசம் நீளம் கொஞ்சம் மாறும். இணையத்தில் கிடைக்கிறதில் பெரும்பாலானவை இடப்பக்கக் கார்களுக்கு உரியவை, ஏனென்றால் உலகத்தில் ஓடிய 2 கோடியே 15 இலட்சம் பீட்டில்களில் பெரும்பங்கு அந்தப் பக்கம்தான். வொக்ஸ்வாகனின் பாக இலக்கத்தில் வலப்பக்கத்துக்கு உரியது 114 என்று தொடங்கும், இடப்பக்கத்துக்கு 111 அல்லது 113. பெட்டியில் அந்த மூன்று இலக்கத்தைப் பாருங்கள், படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். படத்தில் எல்லாக் கேபிளும் ஒன்றுதான்.

கடையில் மூன்று தெரிவு இருந்தது. ஒன்று, எங்கே செய்தது என்று பெட்டியில் எழுதாத மலிவுச் சாமான். இரண்டாவது இந்த இத்தாலிச் சாமான், விலை மற்றதைப்போல் மூன்று மடங்கு. மூன்றாவது, பக்கத்துத் தெருவில் முச்சக்கர வண்டிக்குக் கேபிள் செய்கிறவர்களிடம் கொடுத்துச் செய்விக்கலாம் என்று கடையில் நின்ற இன்னொருவர் சொன்ன யோசனை. அந்த மூன்றாவதை நான் ஏற்கவில்லை. அவர்கள் கெட்டிக்காரர்கள், அதில் சந்தேகம் இல்லை, ஆனால் கண்ணைச் சூடாக்கி ஒட்டிச் செய்யும்போது ஒட்டுக்குப் பக்கத்துக் கம்பி பலம் இழந்துவிடும், கேபிள் பிறகு அந்த இடத்திலேயே அறும். அழுத்திப் பொருத்திய கண்தான் இதற்குச் சரி. அதோடு முச்சக்கர வண்டிக் கிளச் கையால் பிடிக்கிறது, இது காலால் மிதிக்கிறது.

மலிவுச் சாமானையும் இத்தாலிச் சாமானையும் கண்ணாடி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மலிவில் கண்ணின் உட்புறம் சொரசொரப்பாக, அழுத்திய இடத்தில் ஒரு இழை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அந்தச் சொரசொரப்புதான் கொக்கியை அரத்தைப்போல் அராவும். மரை நுனியில் விங் நட்டை ஓட்டிப் பார்த்தால் பாதியில் இறுகியது. இத்தாலிச் சாமானில் கண் வழுவழுப்பு, இழைகள் நெருக்கமாக ஒரே சீராக முறுக்கியிருக்கிறது, நட் விரலாலேயே கடைசி வரை ஓடியது. வளைத்துவிட்டால் மெதுவாகத் தன் பழைய நிலைக்கு வருகிறது, முறிவுத் தடம் விழவில்லை. மூன்று மடங்கு விலைக்கு இதெல்லாம் போதுமா என்று கேட்டால், ஒரு கேபிள் போடுவதற்கு எவ்வளவு பிடுங்க வேண்டும் என்று அடுத்ததை வாசித்துவிட்டு நீங்களே முடிவெடுங்கள்.

வேலையைத் தெஹிவளைப் பக்கம் ஒரு கராஜில் கொடுத்தேன். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கினால், தகரக் கூரை, முன்னுக்கு ஒரு பலாமரம், ஒரே ஒரு மெக்கானிக் அண்ணையும் ஒரு உதவிப் பையனும். அவருடைய முதல் நல்ல குணம், நான் பக்கத்தில் நின்று பார்ப்பதை அவர் குறையாக எடுக்கவில்லை. சில கராஜ்களில் சொந்தக்காரன் கிட்டப் போனாலே முகம் சுருங்கிவிடும்.

பின் இடப்பக்கத்தை ஜக்கில் தூக்கி, ஸ்ராண்ட் வைத்து, சில்லைக் கழற்றினார். பழைய நட் துருவில் கேபிளோடு சேர்ந்து சுற்றியது. லொக் பிளையரால் கேபிள் நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் அதைக் கழற்ற முடிந்தது. பிறகு முன்னுக்கு வந்து பாயைத் தூக்கி, அக்சிலேற்றர் பெடலைக் கழற்றி, பிரேக் மாஸ்ரர் சிலிண்டரின் தள்ளுதண்டை விடுவித்து, பெடல் தொகுதியை முதுகெலும்போடு பிடிக்கிற இரண்டு போல்ட்டையும் எடுத்தார். தொகுதியைக் கொஞ்சம் இழுத்து வெளியே எடுத்தபோது கொக்கி தெரிந்தது. கேபிளின் கண் இருந்த இடத்தில் நகம் அளவு பள்ளம்.

"இதைப் பாருங்கோ தம்பி. கேபிளைக் குறை சொல்லி என்ன, கொக்கி இப்படி இருந்தால் புதுக் கேபிளும் வழுகி விழும்."

அந்தப் பள்ளத்தை வெல்ட் போட்டு நிரப்பி, அராவி, பழைய வடிவத்துக்குக் கொண்டு வந்தார். அதற்குத் தனியாகக் காசு வாங்கினார், வாங்க வேண்டியதுதான். அதே கையோடு பெடல் தண்டையும் துடைத்துக் கிறீஸ் போட்டார். பீட்டிலில் கிளச் தண்டு பிரேக் பெடலின் குழாய்க்குள்ளால் போகிறது, அது துருப்பிடித்து இறுகினால் ஒன்றை மிதிக்க மற்றதும் கூடவே கீழே வரும். உங்கள் காரில் அப்படி நடந்தால் பேய் பிசாசு என்று பயப்பட வேண்டாம்.

புதுக் கேபிளுக்கு நீளம் முழுக்கக் கையால் கிறீஸ் பூசி, பெடல் ஓட்டைக்குள்ளால் விட்டார். இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும். ஓட்டைக்கு உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அந்த இரும்பு ரியூபின் வாய் இருக்கிறது, அதை விரல் நுனியால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அண்ணையின் விரல் அரை நூற்றாண்டுக் கிறீஸில் கறுத்து வெளியே வந்தது, அதோடு ஒரு காய்ந்த எறும்புப் புற்றும். வாய் கிடைத்த பிறகு கேபிள் தானாகவே போவதுபோல் போய்விட்டது.

அடுத்ததுதான் எல்லாரும் திட்டுகிற கட்டம். கண்ணைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் பெடல் தொகுதியைத் திரும்பப் பொருத்தும்போது கேபிள் தளர்ந்தால், கண் கொக்கியிலிருந்து கழன்று முதுகெலும்புக்குள் விழுந்துவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதற்கு இரண்டு ஆள் வேண்டும். பையன் காருக்குக் கீழே படுத்துப் பின் நுனியைப் பிளையரால் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான், அண்ணை பெடலை நிமிர்த்திப் பிடித்தபடி போல்ட் போட்டார். அதற்கு முன் கொக்கியின் வாயை ஒரு பிளாஸ்ரிக் கட்டால் (கேபிள் ரை) கட்டியும் விட்டார். தனியாகச் செய்கிறவர்களுக்கு அந்தக் கட்டு உயிர் காக்கும், பையன் இருந்தும் அவர் அதைக் கட்டியது எனக்குப் பிடித்தது.

இனிப் பௌடன் ரியூப். இதைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத நினைத்தேன், ஏனென்றால் புதுக் கேபிள் போட்டுவிட்டு "கார் எடுக்கும்போது உதறுகிறது" என்று சொல்கிறவர்களில் பாதிப்பேர் இதைத் தொடவே இல்லை. இந்த ரியூப் நேராக இருக்கக் கூடாது, தொய்ந்து வளைந்து நிற்க வேண்டும். வளைவு 25 முதல் 45 மில்லிமீற்றர் வரை. எஞ்சினும் கியர்பொக்ஸும் ரப்பரில் உட்கார்ந்து ஆடுகின்றன, அந்த ஆட்டம் கேபிளை இழுக்காமல் இந்தத் தொய்வு வாங்கிக்கொள்கிறது. வளைவில் கேபிளுக்குக் கிடைக்கிற சிறு உராய்வும் கிளச் திடீரென்று கவ்வாமல் பார்த்துக்கொள்கிறது. நேராக இருந்தால் முதல் கியரில் கார் உதறும். அளவுக்கு மீறி வளைந்தால் பெடல் கனக்கும், கேபிள் அந்த வளைவிலேயே தேயும். அண்ணை ஒரு நேரான இரும்புத் துண்டை ரியூபின் இரண்டு முனைக்கும் நடுவில் பிடித்து, வளைவு அதிகம் உள்ள இடத்தில் அளந்தார். குறைவு. கியர்பொக்ஸ் பக்கத்துத் தாங்கிக்கும் ரியூப் முனைக்கும் இடையில் வொஷர் சேர்த்தார், திரும்ப அளந்தார், இன்னொன்று சேர்த்தார், முப்பதுக்கு மேலே வந்ததும் நிறுத்தினார். எவ்வளவு வொஷர் சேர்க்கிறோமோ அவ்வளவுக்கு வளைவு கூடும், இதில் வேறு மந்திரம் எதுவும் இல்லை.

ரியூபின் முன் முனையில் ஒரு ரப்பர் உறை வருகிறது, அதை விடாமல் போடுங்கள். பழையது வெடித்துத்தான் கிடந்தது. கொழும்பில் மழைக்கு வீதியில் நிற்கிற தண்ணீர் அந்த வெடிப்பால்தான் உள்ளே போகிறது, போன தண்ணீர் வெளியே வராது. அதோடு கடற்காற்று. என் பழைய கேபிளின் கடைசி அரை அடி முழுக்கத் துருதான், முன்பகுதி ஏறக்குறைய புதுசு.

கடைசியில் பெடல் பிளே. கையால் மெதுவாக அழுத்தினால் பாரம் தெரிவதற்கு முன் பெடல் 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை சும்மா இறங்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் கிளச்சைத் தள்ளி விடுவிக்கிற ரிலீஸ் பெயாரிங் எப்போதும் உரசிக்கொண்டே இருந்து சீக்கிரம் போய்விடும், கூடினால் கிளச் முழுதாக விடாமல் கியர் கறகறக்கும். விங் நட்டின் இரண்டு முளையும் நெம்பின் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும், உட்காராமல் விட்டால் ஓடும்போது அதுவே சுழன்று தளரும். புதுக் கேபிள் முதலில் கொஞ்சம் இழுபடும், அதனால் சில நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு திரும்ப ஒருக்கா பார்க்கச் சொன்னார். பார்த்தேன், பிளே ஒரு விரலில் கால்வாசி அளவு கூடியிருந்தது, இறுக்கியதோடு சரி. அதன் பிறகு மாறவில்லை. பெடல் இப்போது பாதி பாரம்தான், வெள்ளவத்தை நெரிசலில் இடது கால் நோகிறது என்ற கதை நின்றுவிட்டது.

இனி அந்தக் குறைந்த ஒரு நட்சத்திரம். இத்தாலிப் பெட்டிக்குள் விங் நட் இல்லை, கேபிள் மட்டும்தான். பழைய நட்டைத் துருவோடு திரும்பப் போடச் சொல்கிறார்களா என்று தெரியவில்லை. இவ்வளவு விலைக்கு ஒரு நட் வைத்தால் குடி முழுகாது. கூடவே வந்த தாளில் ஐந்து மொழியில் எச்சரிக்கை இருக்கிறது, வளைவு எவ்வளவு வைக்க வேண்டும் என்ற ஒரு வரி மட்டும் எந்த மொழியிலும் இல்லை. கராஜுக்கு நட்சத்திரம் குறைக்க மனம் இல்லை, ஆனால் சொன்ன நேரத்துக்கு முடியாது என்பதை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். காலையில் கொண்டுபோய் விட்டால் மத்தியானம் என்பார், அது பின்னேரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேபிள் வழியில் அறுந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். காரை நிறுத்தாமல் ஓட்டத் தெரிந்தால் வீடு வரலாம்: எஞ்சினை நிறுத்தி, முதல் கியரைப் போட்டு, ஸ்டார்ட்டரை அடித்தால் கார் துள்ளிக்கொண்டு புறப்படும், பிறகு அக்சிலேற்றரை விட்டு எஞ்சின் சத்தம் இறங்குகிற நேரம் பார்த்து கியரை மெதுவாக வழுக்க வேண்டும். சிவப்பு விளக்கு வந்தால் எல்லாம் முதலிலிருந்து. ஸ்டார்ட்டருக்கும் கியருக்கும் இது நல்லதில்லை, இரவில் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டால் மட்டும்.

வாங்கப் போகிறவர்கள் கேபிள், பௌடன் ரியூப், ரப்பர் உறை, விங் நட் நாலையும் ஒரே சிட்டையில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். நானா தனித்தனியாக விலை சொன்னால் கூட்டிப் பார்த்துவிட்டு ஒரு விலைக்குப் பேசுங்கள், இறங்குவார். வலப்பக்கக் கேபிள் எப்போதும் கடையில் இருக்காது, போவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மாவுக்குப் பூட்டிவிடுவார்.